கடைசி வயலுக்கும் தண்ணீர்



இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறக்கப்பட்டால் வாய்க்காலின் தலைப்பிலுள்ள வயலுக்கு அது எளிதில் வந்துவிடும். கடைசி வயலுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத்தான் ஆள் வேண்டும். மாணவர் குழுவின் தலைவனுக்கும் தலைவிக்கும் உரிய வேலை இதுவே.

நாமோ உரத்துப் பேசும் பிள்ளையைத் தலைவனாக்கி விடுகிறோம். அவன் கட்டளையிடப் பழகுகிறான். மற்றவர்கள் மௌனமாயிருக்கப் பழகுகிறார்கள். 2009இல் முடிந்த போரின் இழப்பை இன்னும் சுமக்கும் வீடுகள் வன்னியில் பல. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டளையிடுபவனைவிடக் காதுகொடுத்துக் கேட்பவனே தேவை.

தனியே பாரஞ்சுமந்த மோயீசனுக்கு அவருடைய மாமனார் சொன்ன யோசனையை யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் மட்டுமல்ல, பத்துப் பேருக்கும் ஒரு தலைவர் வேண்டும் என்றார் அவர். பத்துப் பேர் என்றால் ஒவ்வொருவருடைய முகமும் தெரியுமல்லவா?

பெல்ஜிய நாட்டுக் குருவான யோசேப் கார்டைன் 1925இல் இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவினார். தொழிலாளிக்குத் தொழிலாளியே அப்போஸ்தலன் என்பது அவர் கொள்கை. பார், தீர்மானி, செயற்படு என்னும் அவருடைய மூன்று படிகளைப் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1961ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

வகுப்புத் தோழி ஒருத்தி மூன்று நாள் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

பார்: குழுவினர் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார்கள். தாய் அருவிவெட்டுக்குப் போவதால் அவள் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள்.

தீர்மானி: காணாமற்போன ஆட்டைத் தேடிய ஆயன் இங்கே என்ன செய்வார்? ஒவ்வொருவரும் பேசுகிறார்கள், தலைவி கடைசியாகப் பேசுகிறாள்.

செயற்படு: ஒருத்தி பாடக்குறிப்பைக் கொண்டுபோகிறாள். இன்னொருத்தியின் அம்மம்மா தம்பியைப் பார்க்கச் சம்மதிக்கிறார். அடுத்த கூட்டத்தில், செய்தது போதுமா என்று ஆராய்கிறார்கள்.

பெரியவர்களே, கூட்டத்தில் நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் தவறட்டும், தவறிய இடத்தைத் தாங்களே கண்டுகொள்ளட்டும். தலைமைப் பொறுப்பையும் தவணைக்கொருவராக மாற்றுங்கள். வாய்பேசாத பிள்ளைக்கும் ஒரு தவணை வரட்டும். சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவர் காட்டிய தலைமை இதுவே.

குடும்பத்தில் சிந்திக்க:

1. நம் வீட்டில் கடைசியாகப் பேசுபவர் யார்? அவர் பேச நாம் இடம் கொடுக்கிறோமா?

2. நம் பிள்ளையின் வகுப்பில் இவ்வாரம் வராத பிள்ளை யார்?