பந்தில் வழியும் எண்ணெய்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் பந்து கறுத்துப்போய், அடியில் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகத் தொங்குகிறது. "சீல் போய்விட்டது மாமா, போடியில் வாங்கி மாற்றிவிடவா?" என்று கேட்டிருக்கிறாய். பொறு. போனது எந்த சீல் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போகலாம்.

தாத்தா உனக்கு விட்டுப்போனது மஹிந்திராவின் சிஜே-3பி. 1953இல் அமெரிக்காவில் வில்லீஸ் கம்பெனி கொண்டுவந்த மாடல். என்ஜின் உயரமாக இருந்ததால் பானெட்டையும் உயர்த்தினார்கள், அந்த நெற்றிதான் இன்றும் அதற்கு அடையாளம். முன் அச்சு அதைவிடப் பழையது. 1941இல் போருக்காகச் செய்த ஜீப்பில் இருந்த ஸ்பைசர் 25 அச்சின் வம்சம் அது. அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முன்சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதனால் உள்ளே வரும் ஷாஃப்டுக்கு நுனியில் ஒரு மூட்டு வைத்து, அந்த மூட்டைப் பொள்ளலான பந்துக்குள் ஒளித்திருக்கிறார்கள். பந்தின்மேல் நக்கிள் ஒரு குல்லாய் போலக் கவிழ்ந்து, மேலும் கீழும் உள்ள கிங் பின்னில் திரும்புகிறது. ஆக, இங்கே இரண்டு அறைகள். நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் அறையில் 90 நம்பர் கியர் ஆயில். பந்து அறையில் அதைவிடக் கெட்டியான சரக்கு. இரண்டுக்கும் இடையில் ஒரே கதவு. பந்துக்குள்ளே, அச்சுக் குழாய் முடியும் இடத்தில் இருக்கும் உள் சீல்தான் அது. நக்கிளின் விளிம்பில் நீ பார்க்கிற ஃபெல்ட்டும் ரப்பரும் பந்தைத் துடைத்துப் புழுதியையும் தண்ணீரையும் வெளியே நிறுத்தத்தான் இருக்கின்றன. மெல்லிய கியர் ஆயிலைத் தடுக்கிற பலம் ஃபெல்ட்டுக்குக் கிடையாது.

உன் வயதில் இது எனக்குத் தெரியாது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஒரு ஜீப்பில், ஒரே மழைக்காலத்தில் மூன்று தடவை வெளி ஃபெல்ட்டை மாற்றினேன். மூன்றாவது தடவை கழற்றியபோதுதான் பந்திலிருந்து ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். தண்ணீர் போல் ஓடியது, கந்தக நாற்றம் அடித்தது. அது கியர் ஆயிலின் நாற்றம், கிரீஸுக்கு அது கிடையாது. டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் துளையின் மூடியைத் திறந்து விரலை விட்டால் ஆயில் எட்டவே இல்லை. நடு அறை காலியாகிக்கொண்டே வந்திருக்கிறது, நான் வாசலுக்குப் புது மிதியடி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அன்றைக்குப் பார்க்காமல் விட்டிருந்தால் கிரவுனும் பினியனும் தேய்ந்திருக்கும்.

உள் சீல் ஏன் போனது? அச்சின் மேல் பொத்தான் மாதிரி இருக்கும் பிரீதர் சேற்றால் அடைபட்டிருந்தது. மலை ஏறும்போது அச்சு சூடாகிறது, உள்ளே காற்று விரிகிறது. மேலே வழி இல்லாவிட்டால் அது சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு போகும், கூடவே ஆயிலும் போகும். அதே சூட்டோடு ஓடையில் இறக்கினால் காற்று சுருங்கித் தண்ணீரை உள்ளே உறிஞ்சும், ஆயில் மோர் மாதிரி வெளுக்கும். எனவே உன் முதல் வேலை பிரீதரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வாயால் ஊதிப் பார்ப்பது. காசில்லாத வேலை. சில வண்டிகளில் அதோடு ஒழுக்கே நின்றுவிடும்.

பிறகு அச்சு முழுவதையும் டீசல் போட்டுக் கழுவி, பனியன் துணியால் துடைத்து, காய்ந்ததும் சாக்பீஸ் தூளை லேசாகத் தூவு. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார். ஆயில் கீழே வழியும், காற்றில் பின்னாலும் பரவும். அதனால் ஈரக்கோடு எங்கே முடிகிறது என்று பார்க்காதே, மேலே எங்கே தொடங்குகிறது என்று பார். பினியன் சீலா, டிஃபரன்ஷியல் மூடியின் பேக்கிங்கா, பந்தா என்று தூளே காட்டிவிடும். பேக்கிங் என்றால் அரைநாள் வேலை, நீயே செய்துவிடுவாய்.

பந்துதான் என்றால், வண்டியை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு ஸ்டாண்ட் கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே. முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆடினால், அக்காவைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டு. ஆட்டம் நின்றால் ஹப் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். கிங் பின் ஆடினால் நக்கிள் பந்தின்மேல் நடுவில் நிற்காது. அப்போது எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் வாய் பிளக்கும். ஷிம் வைத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். 0.003 அங்குலத்தில்கூட ஷிம் உண்டு, தாளைவிட மெல்லியது. பழைய ஷிம்களை மேல், கீழ் என்று தனித்தனியே கட்டி வை.

ஹப்பின் நட்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம். அதற்கென்று உள்ள சாக்கெட்டை இரவல் வாங்கு, உளியும் சுத்தியலும் வேண்டாம். பிரேக் தட்டைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டு. டிரம்முக்குள் இருக்கும் தூளை ஊதாதே. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், நனைத்துத் துடை. ஷாஃப்டை மூட்டோடு நேராக இழு. சில வகை மூட்டுகளில் எஃகுக் குண்டுகள் இருக்கும், மடக்கினால் உதிர்ந்துவிடும்.

சீல் உரசுகிற இடத்தில் ஷாஃப்டின்மேல் நகத்தால் கோடு இழு. நகம் மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, புது சீலும் நிற்காது. பந்தையும் அப்படியே தடவிப் பார். துரு அரித்த குழிகளின் விளிம்பு ரப்பரை அரிவாள்மணை போலச் சீவும். வாட்டர் பேப்பரால் தேய். ஆழமான குழியில் எபாக்ஸி நிரப்பி, இறுகியதும் வழவழப்பாக்கு. புது உள் சீலின் உதடு டிஃபரன்ஷியலைப் பார்க்க வேண்டும். ஷாஃப்டைத் திருப்பி நுழைக்கும்போது கையால் தாங்கிக்கொள். அதன் பல் உரசினால் பத்து நொடியில் புது சீல் கிழியும், அது உனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். வெளி ஃபெல்ட்டை ஆயிலில் ஊறவைத்துப் போடு. பந்துக்குள் சேஸிஸ் கிரீஸை அடைக்காதே. மூட்டு அதை ஓரமாக வீசிவிடும், அது திரும்பி வராது, மேல் கிங் பின் பேரிங் காய்ந்து கிடக்கும். மெல்ல ஓடும் பதத்தில் உள்ள கிரீஸ் வாங்கு.

பிரேக் ஷூவில் ஆயில் பட்டிருந்தால் பெட்ரோலில் கழுவிப் போடலாம் என்று பட்டறையில் யாராவது சொல்வார்கள். கேட்காதே. லைனிங் குடித்த ஆயில் சூட்டில் மறுபடி கசியும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். போடிமெட்டிலிருந்து இறங்க 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இரண்டு பக்க ஷூவையும் சேர்த்தே மாற்று, பணம் நான் தருகிறேன்.

டிஃபரன்ஷியலுக்குச் சுமார் 1.2 லிட்டர் போதும். ஆயில் ஊற்றும் துளையின் விளிம்புவரை வந்ததும் நிறுத்து. எல்லாம் முடிந்ததும் இரண்டு அறையையும் மூடி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு, இரவு வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து வை. காலையில் எத்தனை சொட்டு, எந்த இடத்துக்கு நேர் கீழே என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா