வீட்டில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

எழுத்தொலிகள் உந்தியில் எழும் காற்றினின்று பிறக்கும் முறையைத் தொல்காப்பியப் பிறப்பியல் விளக்குகிறது. அவ்வாறு பிறந்த ஒலி நான்கு சுவர்களுக்குள் என்னவாகிறது என்பதை அறிவதும் தமிழ் மாணவர்க்குத் தேவையே. இதனை நாம் பட்டறிந்தே உணர்ந்தோம்.

அருள்புரத்தில் மூதாட்டியார் ஒருவரின் தாலாட்டைப் பதிவு செய்யச் சென்றிருந்தோம். சிமெண்டுத் தரை, வெற்றுச் சுவர், அடுத்த தெருவில் பின்னல் எந்திரங்களின் இரைச்சல். கல்லூரிக்கு வந்து கேட்டபோது பாதிச் சொற்கள் விளங்கவில்லை. மறுமுறை சென்றபோது அவர் பாடும் நிலையில் இல்லை.

இத்தகைய குறையை முறையாக அளந்து ஆய்ந்தவர் அமெரிக்க இயற்பியலறிஞர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில், பேசிய சொல் ஐந்து நொடிக்கு மேலும் முழங்கிக்கொண்டிருந்தது. அவர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பினார். மெத்தை மிக மிக, எதிர்முழக்கம் குறைவதைக் கண்டார்.

அவர் வகுத்த கணக்கு எளிது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுதிறனால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 9 அடி உயரமும் உடைய அறையின் கன அளவு ஏறத்தாழ 31 கன மீட்டர். உட்பரப்பு 59 சதுர மீட்டர். வெற்றுச் சுவர் 3 விழுக்காடு ஒலியையே உறிஞ்சும் எனக் கொண்டால் முழக்கம் 2.8 நொடி நீளும். 12 சதுர மீட்டர் பரப்பை, 80 விழுக்காடு உறிஞ்சும் பஞ்சுப் பலகைகளால் மூடினால் அஃது அரை நொடிக்கும் கீழே இறங்கும்.

பஞ்சுக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. நான்கு அங்குல மரச்சட்டத்தில் கழிவுப் பஞ்சை நிரப்பி, மெல்லிய பனியன் துணியால் போர்த்தி, சுவரினின்று இரண்டங்குலம் தள்ளி மாட்டலாம். அறை மூலைகளில் தடிப்பாக அமைத்தால் கனத்த ஒலிகளும் அடங்கும். பஞ்சு எளிதில் தீப்பற்றும். ஆதலின் மின்கம்பிகளும் விளக்குகளும் அதனருகே இருத்தலாகாது.

பாடுவோர் அறையின் நட்ட நடுவிலோ சுவரை ஒட்டியோ நிற்க வேண்டா. ஒலிபெருக்கிகள் இரண்டும் கேட்போர் தலையும் சமபக்க முக்கோணமாக அமைதல் நன்று. பஞ்சு உள்முழக்கத்தையே அடக்கும். வெளியிரைச்சலைத் தடுக்கக் கனத்த கதவும் இடுக்கற்ற அடைப்பும் வேண்டும். முட்டை அட்டைகளால் அது நடவாது. இவை இயலாவிடின் எந்திரங்கள் ஓய்ந்திருக்கும் பொழுதைத் தேர்ந்து, மின்விசிறியை நிறுத்திப் பதிவு செய்யலாம்.

வீட்டுக்கூடம்தானே என எவரும் எளிதாக எண்ணற்க. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தின் புறக்கடையில் நிறுவிய பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்தே 1992இல் 'ரோஜா' படத்தின் இசை பிறந்தது.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லங்களில் பாட்டிமார் பாடும் தாலாட்டும் ஒப்பாரியும் ஏட்டில் ஏறாதவை. ஓர் அறையைச் செப்பனிடுங்கள். அவர்கள் பாடவல்ல இந்நாளிலேயே அக்குரலைப் பதிந்து வையுங்கள்.