இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின்: கிருமித்தொற்றைக் கண்டறிதல்

இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் நலமுடன் நடமாடுகின்றனர். ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ செயற்கை மூட்டைச் சுற்றிக் கிருமித்தொற்று ஏற்படுகிறது. விரைவில் கண்டறிந்தால், காயத்தைத் திறந்து தூய்மை செய்து, மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. தாமதித்தால், கிருமிகள் மூட்டின் மேற்பரப்பில் பசைபோன்ற படலமாகப் படிந்துவிடும். மருந்து அப்படலத்தை எளிதில் ஊடுருவாது; மூட்டையே அகற்றி மாற்ற நேரிடலாம்.

முதற் சில வாரங்களில் கவனிக்க வேண்டியவை

• காயத்திலிருந்து நீரோ சீழோ தொடர்ந்து கசிதல்
• சிவப்பு, சூடு, வீக்கம் ஆகியவை குறையாது பெருகுதல்
• தணிந்துவந்த வலி மீண்டும் கூடுதல்
• காய்ச்சல், குளிர்நடுக்கம்

ஆண்டுகள் கழிந்த பின்னர்

தோற்புண், சிறுநீர்த்தொற்று, பல்லில் ஏற்படும் தொற்று ஆகியவற்றிலிருந்து கிருமிகள் குருதிவழியே மூட்டை அடையக்கூடும். அப்போது காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். இடுப்பிலோ தொடையின் மேற்பகுதியிலோ ஓய்வெடுக்கும்போதும் இரவிலும் நீங்காத வலி மட்டுமே அடையாளமாக இருக்கலாம். இதனை முதுமையின் இயல்பு என ஒதுக்கிவிடாதீர்கள்.

மருத்துவர் எவ்வாறு உறுதிசெய்கிறார்?

முதலில் குருதிப் பரிசோதனை. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு, அறுவைச் சிகிச்சையின் பின் எவருக்கும் உயரும்; பின்னர் படிப்படியாகத் தாழும். தாழ்ந்த அளவு மீண்டும் உயர்ந்தால் ஐயம் எழுகிறது. எக்ஸ்ரே படம் மூட்டுத் தளர்ந்துள்ளதா என்பதைக் காட்டும்; ஆயினும் தொடக்கத்தில் அது இயல்பாகவே தோன்றலாம்.

மிக முக்கியமானது மூட்டு நீர்ப் பரிசோதனையாகும். ஊசி மூலம் எடுக்கப்படும் நீரில் வெள்ளணுக்கள் எண்ணப்படுகின்றன. கிருமி வளர்கிறதா என இரண்டு வாரங்கள் வரை பார்க்கப்படுவதுண்டு. எக்கிருமி எனத் தெரிந்தாலே அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

செய்யக்கூடாத ஒன்று

வீட்டில் எஞ்சியிருக்கும், அல்லது உறவினர் தந்த, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நீங்களாகவே உட்கொள்ளாதீர்கள். அது தொற்றை முற்றாக நீக்காமல், பரிசோதனையில் கிருமி தென்படாதவாறு மறைத்துவிடக்கூடும். ஏற்கெனவே உட்கொண்டிருப்பின், மருந்தின் பெயரையும் நாளையும் மருத்துவரிடம் தயங்காது கூறுங்கள்.

உதவி பெற

மேற்கண்ட அறிகுறிகள் தோன்றினால் அன்றே உங்கள் குடும்ப மருத்துவரையோ அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனையையோ தொடர்புகொள்ளுங்கள். காய்ச்சலுடன் மனக்குழப்பம், மூச்சுத்திணறல், மயக்கம் ஏற்பட்டால் உடனே 000 எண்ணை அழையுங்கள். தாதியரின் ஆலோசனைக்கு: 1800 022 222. தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவைப்படின்: 131 450. உடலின் மறைவான பகுதியில் உள்ள வலியைப் பிள்ளைகள் முன் கூறத் தயங்குவோர், உரைபெயர்ப்பாளரின் துணையுடன் தனித்துப் பேசலாம்.