ஆழக் கற்றல்

மழை அருகிய நாட்டில் உழவனைக் காப்பது மண்ணின் ஆழமே ஆகும். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் மழைநீரைத் தன் அடிவயிற்றில் தேக்கிக்கொள்கின்றது. மழை ஓய்ந்த பின்னரும் பருத்தியும் சோளமும் அவ்வீரத்தை உண்டே விளைகின்றன. கல்விக்கும் இவ்வியல்பு பொருந்தும். கணிப்பொறியியலில் முதுநிலைப் பட்டம் நாடுவோர் இதனை உளங்கொள்ளல் வேண்டும்.

கணிப்பொறிக்கு ஆணை எழுதுதல் ஒரு கலை. அவ்வாணையினும் சிறந்த வழி உண்டோ என ஆராய்தல் மற்றொரு கலை. அகர வரிசையில் அமைந்த 10 இலட்சம் பெயர்களுள் ஒன்றைத் தேடுவதாகக் கொள்வோம். முதலிலிருந்து ஒவ்வொன்றாக நோக்கின் 10 இலட்சம் முறை நோக்க நேரலாம். நடுப்பெயரை நோக்கி, வேண்டாத பாதியை நீக்கி, எஞ்சியதையும் அவ்வாறே பகுத்துச் சென்றால் 20 முறைக்குள் தேடல் முடியும். பொறி ஒன்றே, வேறுபட்டது அறிவு. இளநிலையில் அரும்பும் இவ்வாராய்ச்சி முதுநிலையில் ஆழமுறுகின்றது.

இத்துறையில் முதுநிலைக் கல்விக்கு நம் நாட்டில் வழி வகுத்தவர் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. இராசாராமன் ஆவார். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1963ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்தது. அங்குப் பணியாற்றிய அவர், 1965ஆம் ஆண்டில் முதுநிலைத் தொழில்நுட்பப் பட்டத்தில் கணிப்பொறியியலை ஒரு விருப்பப் பாடமாக்கினார். மாணவர் எளிதில் உணருமாறு நூல்கள் பலவும் இயற்றினார்.

அன்று தொலைநாட்டில் தேட வேண்டியிருந்த கல்வி இன்று கரிசல் மண்ணிலேயே கிடைக்கின்றது. கோவில்பட்டியில் 1984ஆம் ஆண்டில் தோன்றிய நேசனல் பொறியியற் கல்லூரி இதற்குச் சான்றாகும்.

எனினும், தீப்பெட்டிச் சாலையில் குச்சி அடுக்கி மகளைப் பட்டம் பெறச் செய்த தாய், அவளது முதல் ஊதியத்தை எதிர்நோக்குதல் இயல்பே. கடன் சுமந்த இல்லத்தில் ஈராண்டு என்பது சிறு காலம் அன்று. இத்தகையோருக்கு ஒரு துணை உண்டு. 'கேட்' என்னும் அனைத்திந்தியத் தேர்வில் தகுதி பெற்று, ஏற்பிசைவு பெற்ற கல்லூரியில் முழுநேர மாணவராய்ச் சேர்வோருக்கு அரசு மாத உதவித்தொகை அளிக்கின்றது. வேலையில் அமர்ந்து, குடும்பம் நிமிர்ந்தபின் மீண்டும் கற்க வருவோரும் உளர். குடும்பக் கடமையால் கல்வி சற்றுத் தாழ்த்தல் குற்றம் அன்று. அறவே மறத்தலே குற்றம்.

பட்டத்தைப் பெயருக்கு அணியாகக் கருதுவோர்க்கு அவ்வீராண்டும் வீணே. ஏன், எவ்வாறு என வினவும் வேட்கை உடையார்க்கே அது பயன் தரும். கருவிகள் ஆண்டுதோறும் மாறும்; அவற்றின் அடிப்படையை அறிந்தவன் மாற்றம் கண்டு மயங்கான். மேல்மண் காய்ந்த தையிலும் கரிசற் பயிர் பசுமை குன்றாது நிற்பது, வேர் எட்டும் ஆழத்தில் ஈரம் இருப்பதனால் அன்றோ!