மலேரியாக் கிருமிக்குள் ஒரு பாசி

விலங்கியல் செய்முறை ஏட்டில் பிளாஸ்மோடியம் வரைந்தபோது, அதற்கும் தாவரவியலுக்கும் உறவு உண்டென்று நான் நினைத்ததேயில்லை. நம் சிவப்பணுவுக்குள் இருட்டில் வாழும் உயிரிக்குச் சூரிய ஒளியோடு என்ன வேலை? ஆயினும் குளத்துப் படியில் நம்மை வழுக்கிவிடும் பாசிக்குத் தூரத்துச் சொந்தமான ஒன்று அதனுள் ஒளிந்திருக்கிறது.

பறவை மலேரியாக் கிருமியில் வளைய வடிவ டி.என்.ஏ. ஒன்று 1975-இல் காணப்பட்டது. இழைமணியினுடையது என்றே அதைக் கருதினர். பின்னர், உண்மையான இழைமணி டி.என்.ஏ. சுமார் 6,000 கார இணைகளே கொண்டது எனத் தெரிந்தது. அப்படியானால் 35,000 கார இணைகள் கொண்ட அந்த வளையம் யாருடையது? லண்டனில் இயன் வில்சன் குழுவினர் 1996-இல் அதன் வரிசையை முழுமையாக வெளியிட்டனர். மரபணுக்கள் பசுங்கணிகத்தின் மரபணுக்களை ஒத்திருந்தன!

இக்கணிகத்தைச் சூழ்ந்து நான்கு சவ்வுகள் உள்ளன. கதை அதில்தான் அடங்கியிருக்கிறது. ஆதியில் ஒரு செல் நீலப்பச்சை நுண்ணுயிரை விழுங்கிச் செரிக்காமல் வைத்துக்கொண்டது, பாசிகள் தோன்றின. அவற்றின் கணிகத்திற்குச் சவ்வுகள் இரண்டு. பிறகு வேறொரு செல் அப்பாசியையே முழுதாக விழுங்கியது, சவ்வுகள் நான்காயின. விழுங்கப்பட்டது செம்பாசியா, பச்சைப் பாசியா என்று நெடுநாள் வாதம் நடந்தது. சிட்னித் துறைமுகப் பவளங்களில் கிடைத்து 2008-இல் விவரிக்கப்பட்ட குரோமெரா, மலேரியாக் கிருமியின் உறவினம். ஆனால் ஒளிச்சேர்க்கை செய்வது. 2010-இல் அதன் கணிக மரபணுக்களை ஒப்பிட்டபோது சான்று செம்பாசி வழிக்கே வலுச்சேர்த்தது.

ஒளிச்சேர்க்கையை இழந்த பின்னும் கணிகத்தை ஏன் சுமக்க வேண்டும்? பெங்களூரில் நமிதா சுரோலியா, அவதேஷ சுரோலியா இருவரும் 2001-இல் ஒரு விடை தந்தனர். பற்பசையில் சேர்க்கப்பட்டுவந்த டிரைக்ளோசான், கணிகத்தின் கொழுப்பு அமில உற்பத்தியைத் தடுத்து மலேரியா எலிகளைக் காக்கிறது என்றனர். நம் நாட்டு ஆய்வாயிற்றே என்று எனக்கும் பெருமிதந்தான். ஆனால் இரத்தப் பருவத்தில் அவ்வுற்பத்தி இன்றியமையாததன்று, கல்லீரல் பருவத்திற்கே தேவை என 2008, 2009 ஆண்டுகளின் எலி மலேரியாச் சோதனைகள் காட்டின. 2011-இல் எலன் யே, ஜோசப் டெரிசி ஆகியோர் கணிகமே இல்லாத கிருமிகளை வளர்த்துக் காட்டினர். ஐசோபென்டெனைல் பைரோபாஸ்பேட் என்ற ஒரே பொருளை ஊட்டினால் போதும், அவை இரத்தத்தில் பிழைத்தன.

டாக்சிசைக்ளின் இக்கணிகத்தின் புரத உற்பத்தியைத்தான் தாக்குகிறது. மருந்து பட்ட கிருமி உடனே சாவதில்லை; நாற்பத்தெட்டு மணி நேரச் சுழற்சியை முடித்துப் பெருகவும் செய்கிறது. பழுதான கணிகத்தைப் பெற்ற அடுத்த தலைமுறையே மடிகிறது. கடுங்காய்ச்சலில் இம்மருந்தைத் தனியே நம்பாமல், விரைந்து செயல்படும் வேறொன்றோடு சேர்த்துத் தருவது இதனால்தான்.