ஆயுத பூஜையோடு ஆயிலும் மாற்றுங்கள்

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்போம். அந்த வாரமே எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் வரை வண்டிக்குச் சோதனைதான். பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச்சூடு ஏறுவதே இல்லை. உள்ளே கோர்க்கும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகிறது.

இன்றே பாருங்கள்

வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். ஆயில் கறுத்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அழுக்கைச் சுமப்பது அதன் வேலை. பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆயில் வாங்கும்போது

'நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது' என்பதை நம்பாதீர்கள். இன்றைய பைக்குகள் பலவற்றுக்கு 10டபிள்யூ-30 போதும். அதைவிடக் கெட்டியாக ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் மேல்பகுதிக்கு ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். பழைய மாடல்களுக்கு வேறு எண் இருக்கலாம். வண்டியோடு தந்த கையேட்டில் உள்ள எண்ணே சரி.

டப்பாவின் பின்பக்கம் 'ஜாசோ' என்ற குறியையும் படியுங்கள். கியர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்சும் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடும். அவற்றுக்கு எம்ஏ அல்லது எம்ஏ2. கியரில்லாத ஸ்கூட்டருக்கு எம்பி. காரில் மீந்த ஆயிலைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். சீல் உடையாத டப்பாவையே வாங்கி, உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். கையேட்டில் உள்ள கிலோமீட்டர், மாதக்கணக்கு இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள்.

ஃபில்டர்

உங்கள் மாடலில் ஆயில் ஃபில்டர் உண்டா, வலை மட்டும்தானா என்று கேளுங்கள். ஃபில்டர் இருந்தால் கையேடு சொல்லும் தவணையைத் தள்ளிப்போடாதீர்கள். வெளிப்பக்கம் எது என்று சில ஃபில்டர்களில் குறி இருக்கும். திருப்பி மாட்டினால் ஆயில் ஓட்டமே அடைபடும். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள்.

காகித ஏர் ஃபில்டர் நனைந்தால் காயவைத்துப் போடாதீர்கள், மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் வகையைக் கழுவலாம்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். மழைநீரோடு அது ஏரிக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும். பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள்.

வண்டி தண்ணீரில் நின்றால்

2015, 2023 டிசம்பர் மழைகளில் எத்தனையோ வண்டிகள் தெருவிலேயே மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் கை தானாக ஸ்டார்ட்டருக்குப் போகும். தொடாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றிய பிறகே முதல் ஸ்டார்ட். அன்று பொறுத்தால் ஆயில் செலவோடு போகும். அவசரப்பட்டால் எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும்.