கன்னி நாய்

ஆதிச்சநல்லூரைத் தாமிரபரணி ஆறு வளப்படுத்துகிறது. ஆங்கு நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் கண்ணுக்கு விருந்தளிக்கும். அவ்வூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோமாயின், பசுமை மெல்லக் குறைந்து கரிசல் நிலம் விரியும். கோவில்பட்டி, எட்டயபுரம் வட்டாரங்களில் மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் பயிரிடுவர். மரங்கள் அருகிய அவ்வெளியில் தோன்றி வளர்ந்ததே கன்னி என்னும் நாயினம்.

நாயின் உருவத்தை அதன் தொழிலே பெரும்பாலும் அமைக்கிறது. இங்கிலாந்தில் நரிகள் வளைக்குள் பதுங்கும். அவற்றை வெளியே விரட்டும் பொருட்டு, 19ஆம் நூற்றாண்டில் ஜான் ரஸ்ஸல் என்னும் பாதிரியார் சிறிய டெரியர் நாய்களை வளர்த்தார். அவ்வினம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. டெரியர் என்னும் சொல்லே நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நிலத்துக்குள் நுழையும் நாய்க்குச் சிற்றுடலே ஏற்றது.

நம் நாட்டு முயலோ வளை தோண்டி வாழ்வதன்று. வெட்டவெளியில் வளைந்து வளைந்து ஓடித் தப்புவது. அதனைத் துரத்தும் நாய்க்குக் கூரிய பார்வையும் கடுவேகமும் வேண்டும். ஆகவே, கன்னி நாய்க்கு நீண்ட கால்களும் ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறும் அமைந்தன. ஓடுங்கால் அதன் முதுகு வில்லென வளைந்து நிமிரும். குறுமயிரும் மெலிந்த மேனியும் வெயிலைத் தாங்க உதவும். கருமேனியில் பழுப்புத் திட்டுகள் உடையது கன்னி. வெளிர்நிறமுடையதைப் பால்கன்னி என்பர். வளர்த்தவரிடம் பேரன்பு காட்டும். அயலாரிடம் எளிதில் நெருங்காது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் முயல் வேட்டை குற்றமாயிற்று. அது காட்டுயிர்களைக் காக்கும் நற்சட்டம். ஆயினும், தொழில் இழந்த கன்னி நாயை வளர்ப்போர் குறைந்தனர். அயல்நாட்டு நாய்களின் மீதெழுந்த மோகமும் அதனைப் பின்னுக்குத் தள்ளியது. இந்நாளில் அது தோட்டத்தையும் வீட்டையும் காத்து வருகிறது. நாட்டு நாயினங்களைப் பேணும் ஆர்வமும் மீண்டும் தோன்றியுள்ளது.

ஆனால், ஆர்வம் மட்டும் போதாது. ஓடுவதற்கென்றே அமைந்த உயிரை ஒடுங்கிய அறையில் கட்டிவைத்துப் பெருமை பேசுவது வளர்ப்பு ஆகாது, அது கொடுமையே. நாள்தோறும் ஓட இடமும், உரிய உணவும், தடுப்பூசியும், அன்பும் அளிக்க இயன்றவரே அதனை வளர்த்தல் வேண்டும். நம் முன்னோர் தமக்கு உதவும் பொருட்டு இவ்வினத்தை உருவாக்கினர். அவர்களுக்கு உழைத்த அவ்வுயிரைக் கைவிடாது காப்பது நம் கடமையன்றோ?